கர்ப்பம் தெரியாமல் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே

சகோதரி, இருமலுக்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் ஐந்து வாரக் கர்ப்பம் என்று தெரிந்தது, மாமியார் கலைத்துவிடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த முடிவுக்குப் போகாதீர்கள்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் கதிர் நேராக விழுவது நெஞ்சின் மேல்தான். சிதறிக் கருப்பைக்குப் போய்ச் சேர்வது 0.01 மில்லிகிரேக்கும் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவு. குழந்தைக்கு ஊனம் வருமோ என்று மருத்துவர்கள் யோசிப்பதே 50 மில்லிகிரேயைத் தாண்டினால்தான். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் பத்து மாதத்தில் இயல்பாக வந்து சேரும் கதிர்வீச்சுகூட உங்கள் எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு அதிகம். வயிற்றுப் பகுதியில் சிடி ஸ்கேன் என்றால் கணக்கு வேறு. உங்களுக்கு அது எடுக்கவில்லையே.

ஃபிலிம், ரிப்போர்ட், கடைசி மாதவிலக்குத் தேதி எல்லாவற்றோடும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள், மருத்துவர் வாயால் கேட்டால் அவருக்கும் பயம் தெளியும்.

அப்புறம், எனக்கு உண்மையில் கவலை அந்த இருமல்தான். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். காசநோயைக் கவனிக்காமல் விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து; கர்ப்பத்திலும் அதற்குச் சிகிச்சை உண்டு.