வாழ்நாள் சான்றிதழ்: ‘முகம் பொருந்தவில்லை’ என்று வருவது குறித்து

பென்னாகரத்து நண்பருக்கு வணக்கம். அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற தங்கள் தந்தையாருக்குக் கைரேகை தேய்ந்துவிட்டதால், ஓய்வூதியம் தொடர்ந்து வர, அவர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் வாழ்நாள் சான்றிதழை ஜீவன் பிரமான் என்ற அரசுச் செயலியில் முகத்தைக் காட்டி எடுக்க முயன்றதாகவும், மூன்று முறையும் ‘முகம் பொருந்தவில்லை’ என்றே வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

பழுது அவர் முகத்தில் இருக்காது என்றே நினைக்கிறேன். அந்தச் செயலி முதலில் கைப்பேசியை இயக்குபவரின் முகத்தையும், அதன் பிறகே ஓய்வூதியரின் முகத்தையும் கேட்கிறது. முதல் திரையில் தங்கள் ஆதார் எண்ணை இட்டுவிட்டு அப்பாவைக் காட்டினால் மறுக்கத்தான் செய்யும். போச்சம்பள்ளியில் என் மாமனாருக்காக முயன்றபோது நானும் இதே தவற்றைச் செய்து, அரை மணி நேரம் கைப்பேசியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவரைத் திண்ணையில் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகக் கண் சிமிட்டச் சொன்னதும் முடிந்துவிட்டது. சிமிட்டச் சொல்வது, புகைப்படத்தைக் காட்டி எவரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே.

ஆதாரில் உயிரியளவைப் பூட்டு (கைரேகை, கருவிழி, முகப் பதிவுகளைப் பயன்படுத்த முடியாமல் முடக்கிவைக்கும் வசதி) போடப்பட்டிருந்தாலும் சரிபார்ப்பு நடக்காது, அதையும் பார்த்துவிடுங்கள். அப்படியும் முடியாவிட்டால், சிறு கட்டணத்துக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துத் தருவார்.

‘காணொளி அழைப்பில் முகத்தைக் காட்டி, வரும் ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள், நாங்களே முடித்துத் தருகிறோம்’ என்று ஒருவர் பேசியதாகவும் எழுதியிருந்தீர்கள்; அவர் மோசடிக்காரர்தான். எண்ணைச் சொல்லியிருந்தால் உடனே வங்கிக்குத் தெரிவித்துவிட்டு, 1930 என்ற எண்ணிலும் புகார் அளியுங்கள்.