நிலா வரும்வரை காத்திருக்கும் விரதம்: சங்கடஹர சதுர்த்தி கேள்வி-பதில்

பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள், நான்காம் நாள் ஆனாலே சங்கடஹர சதுர்த்தி பற்றிய கேள்விகள் வந்துவிடும். மாதந்தோறும் தேய்பிறைச் சதுர்த்தியில், பிள்ளையாரை வேண்டி நிலா உதிக்கும்வரை இருக்கும் விரதம் இது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் சிலவற்றை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

தினசரிக் காலண்டரில் ஒரு நாள், போனில் பார்க்கும் பஞ்சாங்கத்தில் மறுநாள். எந்த நாளில் விரதம் இருப்பது? (சேலம் வாசகி)

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொதுவாக ஒரு நாளின் திதி என்றால் சூரிய உதயத்தின்போது இருக்கும் திதி. சங்கடஹர சதுர்த்திக்கு அந்தக் கணக்கு செல்லாது. நிலா உதிக்கும் நேரத்தில் தேய்பிறைச் சதுர்த்தி நடப்பில் இருக்க வேண்டும். அதனால் பல மாதங்களில் விரத நாளின் காலையில் முந்தைய திதியான திருதியை என்றுதான் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இன்று சதுர்த்தியே இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை (டிகிரி) விலகல் கூடினால் ஒரு திதி. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆகவே ஒரு திதி ஏறக்குறைய 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரம்வரையும் நீளலாம். நீண்டால், அடுத்தடுத்த இரண்டு இரவிலும் நிலா உதயத்தில் சதுர்த்தி இருக்கும். அப்போது முதல் நாளை எடுத்துக்கொள்ள வேண்டும். திருதியையோடு சேர்ந்த சதுர்த்தி பிள்ளையாருக்கு உகந்தது என்பது சாஸ்திரம். குறுகினால், இரண்டு நிலா உதயத்திலும் சதுர்த்தி இல்லாமல் போகலாம். அப்போது இரண்டாம் நாள்.

இதோடு பழைய வாய்பாட்டுக் கணக்கான வாக்கியம், வானில் தெரிவதோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கான திருக்கணிதம் என்ற வித்தியாசமும் இருக்கிறது. பாம்புப் பஞ்சாங்கம் போன்ற வாக்கியப் பஞ்சாங்கங்களுக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரத்தில் சில நாழிகை (ஒரு நாழிகை 24 நிமிடம்) வேறுபடும். அந்தச் சில நாழிகைக்குள் நிலா உதயம் விழுந்தால் நாளே மாறிவிடும். உங்கள் வீட்டில் எது வழக்கமோ, நீங்கள் போகும் கோயிலில் எதைப் பார்க்கிறார்களோ, அதையே வருடம் முழுக்கப் பின்பற்றுங்கள். ஒரு மாதம் இது, ஒரு மாதம் அது என்று மாற்றாதீர்கள்.

சதுர்த்தி நிலாவைப் பார்த்தால் வீண்பழி வரும் என்று பாட்டி சொல்வார். இந்த விரதத்திலோ நிலாவைப் பார்க்கச் சொல்கிறார்கள். எது சரி? (மதுரை)

பாட்டி சொன்னதும் சரி, விரத முறையும் சரி. பாட்டி சொல்வது ஆவணி மாத வளர்பிறைச் சதுர்த்தியை, அதாவது விநாயகர் சதுர்த்தியன்று மாலை மேற்கே தெரியும் மெல்லிய பிறையை. நாம் பார்க்க வேண்டியது தேய்பிறைச் சதுர்த்தியில், இருட்டிய பிறகு கிழக்கே எழும் நிலாவை.

கதையும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. தொந்தி நிறையக் கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளையாரைப் பார்த்துச் சந்திரன் சிரித்தான். உன்னைப் பார்ப்பவர்களுக்குப் பழி வரும் என்று சாபம் கிடைத்தது. அவன் மனம் வருந்தி வேண்டியபின் சாபம் அந்த ஒரு நாளோடு சுருங்கியது. கண்ணனே அன்று பிறையைப் பார்த்துவிட்டுச் சியமந்தக மணியைத் திருடினான் என்ற பழியைச் சுமந்தான் என்பார்கள். தேய்பிறைச் சதுர்த்தியில் நாம் சந்திரனுக்கும் அர்க்கியம் (மரியாதையாக வார்க்கும் நீர்) விடுகிறோமே, மன்னிப்புப் பெற்றவனுக்கு நாமும் மரியாதை செய்கிறோம் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். இந்த விரதத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி அது.

அடுக்குமாடியில் இருக்கிறோம். கிழக்குப் பக்கம் முழுக்கக் கட்டடம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வேறு. நிலா தெரியாவிட்டால் சாப்பிடவே கூடாதா? (சென்னை)

சாப்பிடலாம். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் சந்திர உதயம், அடிவானத்தில் நிலா தலைகாட்டும் நேரம். நம் ஊர்ப்பக்கம் இந்தத் திதியில் அது பெரும்பாலும் இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் இருக்கும். அதன்பின் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை மேலே ஏறும். எதிர் வீட்டு மாடி 30 பாகை உயரத்துக்கு மறைத்தால் நீங்கள் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகிவிடும். மொட்டை மாடிக்குப் போனால் காத்திருப்பு பாதியாகக் குறையும்.

மழை நாள் என்றால் உதய நேரம் கடந்ததும் கிழக்கு நோக்கி நின்று, பஞ்சபாத்திரத்துத் தண்ணீரில் ஒரு துளி பால், அட்சதை, பூ சேர்த்து மூன்று முறை விடுங்கள். பிள்ளையாருக்கு ஒன்று, சதுர்த்தித் திதிக்கு ஒன்று, சந்திரனுக்கு ஒன்று. அதன்பிறகு தாராளமாகச் சாப்பிடலாம். நள்ளிரவுவரை மேகத்தைப் பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

ஒன்று கவனியுங்கள். சென்னைக்குப் போட்ட நேரம் கோவைக்குப் பொருந்தாது. கோவை மேற்கே மூன்று பாகைக்கு மேல் தள்ளி இருப்பதால் அங்கே நிலா உதயம் கிட்டத்தட்ட 13 நிமிடம் தாமதம்.

நியூஜெர்சியில் இருக்கிறோம். அம்மா ஊரில் புதன்கிழமை விரதம் என்கிறார். இங்குள்ள கோயிலில் செவ்வாய்க்கிழமை என்கிறார்கள்.

கோயிலில் சொல்வதுதான் உங்களுக்கு. திதி தொடங்கும் கணம் உலகம் முழுக்க ஒன்றே, நிலா உதிக்கும் நேரம்தான் ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவில் செவ்வாய் இரவு 11 மணிக்குச் சதுர்த்தி தொடங்கிப் புதன் இரவு 10 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் செவ்வாய் இரவு நிலா எழும்போது இன்னும் திருதியைதான். அதனால் அம்மாவுக்குப் புதன். உங்களுக்குக் கோடைக்கால நேரப்படி அது செவ்வாய் பகல் ஒன்றரைக்குத் தொடங்கிப் புதன் பகல் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். செவ்வாய் இரவு உங்கள் ஊரில் நிலா எழும்போது சதுர்த்தி இருக்கிறது, புதன் இரவு இல்லை.

லண்டன், டொரண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு வேறொரு சிரமம். ஜூன், ஜூலையில் இந்த நிலா நள்ளிரவை ஒட்டித்தான் வரும். குழந்தைகளை அதுவரை விழித்திருக்க வைக்காதீர்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. காலையும் இரவும் மாத்திரை. முழு நாள் பட்டினி இருக்கலாமா? (நாகர்கோவில்)

வேண்டாம். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றோடு இரவு ஒன்பது மணிவரை இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டு, ஒரு பொருளை மட்டும் விலக்கி விரதம் இருப்பதும் விரதம்தான். விரத நாளில் நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று, நான்கு ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்துவிடுங்கள். நிலா வரவில்லையே என்று யோசிக்கவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் பட்டினி கிடையாது.

பகலில் என்னென்ன சாப்பிடலாம்?

முடிந்தவர்கள் தண்ணீரோடு இருப்பார்கள். மற்றவர்களுக்குப் பால், பழம், நீர்மோர், நனைத்த அவல். நிலா பார்த்தபின் வெங்காயம், பூண்டு இல்லாத சாப்பாடு. ஏகாதசிபோல மறுநாள் சாப்பிட்டு விரதம் முடிக்கும் பாரணை கிடையாது, அன்றிரவே விரதம் முடிந்துவிடும்.

வீட்டில் விக்கிரகம் இல்லை. அபிஷேகம் செய்யாமல் பூஜை நிறைவாகுமா? அருகம்புல் எத்தனை வைக்க வேண்டும்? (தஞ்சாவூர்)

நிறைவாகும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருவலஞ்சுழி இருக்கிறது. அங்கே வெள்ளைப் பிள்ளையாருக்கு அபிஷேகமே கிடையாது, பச்சைக் கற்பூரப் பொடியைத்தான் சாத்துகிறார்கள். வீட்டில் மஞ்சள் பிள்ளையார் பிடித்துவையுங்கள். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைய வேண்டும். அதிகமானால் நிற்காமல் சரியும், குறைந்தால் தீபம் ஏற்றி முடிப்பதற்குள் வெடித்துவிடும். மறுநாள் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

அருகம்புல்லில் நுனிதான் முக்கியம். மூன்று இலை விரிந்த தளிராகப் பார்த்துக் கிள்ளி, 21 எண்ணி, வாழைநாரில் கட்டுங்கள். கடையில் வாங்கும் கட்டில் வேரும் மண்ணும் காய்ந்த தண்டும் கலந்தே இருக்கும். இரண்டு தண்ணீரில் அலசி, தளிரை மட்டும் பிரித்தெடுங்கள். 21 தேறாவிட்டால் இருப்பதை வையுங்கள். எருக்கம்பூ பறிக்கும்போது அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணைக் கெடுத்துவிடும். குழந்தைகளைப் பறிக்க விடாதீர்கள். பாராயணத்துக்கு ஔவையின் விநாயகர் அகவல் போதும். 72 அடிதான், நிதானமாகச் சொன்னாலும் சீக்கிரம் முடிந்துவிடும்.

மாதவிலக்கு நாளில் வந்தால் அந்த மாதத்தை விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டாம். விரதம் உங்களுடையது, அதை நீங்கள் இருக்கலாம். பூஜையை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். தனியாக இருப்பவர்கள் மனதுக்குள் சொல்லி, நிலாவைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடலாம். அன்று உடம்பு அசதியாக இருந்தால் பட்டினியைத் தளர்த்திக்கொள்ளுங்கள். இதற்காகத் தேதியைத் தள்ள மாத்திரை போடும் பழக்கத்தை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

எப்போது தொடங்கி எத்தனை மாதம் இருக்க வேண்டும்? நடுவில் ஒரு மாதம் மறந்து மதியம் சாப்பிட்டுவிட்டேன். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? (புதுச்சேரி)

விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் வரும் தேய்பிறைச் சதுர்த்தியை மகா சங்கடஹர சதுர்த்தி என்போம். அதில் தொடங்கி, அடுத்த வருடம் அதே சதுர்த்தியில் நிறைவு செய்வது நம் பக்கம் பரவலான வழக்கம். செவ்வாய்க்கிழமையோடு சேர்ந்து வந்தாலும் தொடங்கலாம். செவ்வாய்க் கிரகமான அங்காரகன் இந்தத் திதியில் பிள்ளையாரை வழிபட்டு அருள் பெற்றான் என்பதால் அதற்குத் தனிச் சிறப்பு. ஒரு வருடத்தில் 12 வரும், சில வருடங்களில் 13.

மறந்து சாப்பிட்டதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நினைவு வந்த நேரத்திலிருந்து அன்று நிலா எழும்வரை விரதமாக இருந்து, நிலாவுக்கு அர்க்கியம் விட்டிருந்தால் அந்த மாதமும் கணக்கில் சேரும். அன்று எதுவுமே செய்யவில்லை என்றால் வருடக் கடைசியில் ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். நிறைவு நாளில் கொழுக்கட்டை செய்து, தெருவில் உள்ள குழந்தைகளைக் கூப்பிட்டுக் கொடுங்கள். பூரணம் முதல் நாளே கிளறி வைத்துக்கொண்டால் அன்று மாலை அடுப்படியில் அவசரப்பட வேண்டியிருக்காது.