ஆய்வேட்டில் சான்று காட்டுதல்: மாணவர் ஐயங்களும் விடைகளும்

தமிழ் இலக்கியத்திலும் வரலாற்றிலும் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுள், மேற்கோள், அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் ஆகியவை பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே கருத்துடைய கேள்விகளை ஒன்றாக இணைத்திருக்கிறேன்.

சங்கப் பாடலை மேற்கோள் காட்டும்போது பக்க எண் தர வேண்டுமா, பாடல் எண் தர வேண்டுமா?

பாடல் எண்ணும் அடி எண்ணும் தர வேண்டும். “யாதும் ஊரே யாவரும் கேளிர்” என்ற அடிக்கு (புறம். 192:1) என்று குறித்தால், படிப்பவர் கையில் எந்தப் பதிப்பு இருந்தாலும் அந்த அடியைக் கண்டுகொள்வார். பத்துப்பாட்டுக்குப் பாட்டின் பெயரும் அடி எண்ணும் போதும். சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடியும் வேண்டும். ஆனால் நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் விவரம் துணைநூற்பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். உ.வே.சா. 1894இல் புறநானூற்றை முதன்முதலாக அச்சிட்ட பின் பலர் அதைப் பதிப்பித்திருக்கிறார்கள், பாடவேறுபாடுகளும் (ஒரே இடத்தில் பதிப்புக்குப் பதிப்பு மாறும் சொற்களும்) உண்டு. உங்கள் வாதம் ஒரு சொல்லின் பாடத்தையே நம்பி நிற்குமானால், பதிப்பின் பெயரை அந்த இடத்திலேயே அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். உரைப்பகுதியை எடுத்தாளும்போது பக்க எண் கட்டாயம்.

இலக்கணத்தில்தான் மாணவர்கள் மிகுதியாக இடறுகிறார்கள். தொல்காப்பிய நூற்பாக்களை உரையாசிரியர்கள் ஒரே வகையாகப் பிரித்துக்கொள்ளவில்லை. ஒருவர் ஒன்றாகக் கொண்டதை மற்றொருவர் இரண்டாகக் கொள்வார், ஆகவே எண்ணும் மாறும். நான் வாசித்த ஓர் ஆய்வேட்டில் நூற்பா எண் இளம்பூரணர் பதிப்பிலிருந்தும், அதன் கீழ் எடுத்துக்காட்டிய உரை நச்சினார்க்கினியரிடமிருந்தும் வந்திருந்தன. எண்ணைப் பிடித்துக்கொண்டு நச்சினார்க்கினியர் உரையைப் புரட்டினால், அங்கே வேறொரு நூற்பா இருந்தது. அதிகாரம், இயல், நூற்பா எண், உரையாசிரியர் ஆகிய நான்கையும் சேர்த்துத் தருவதே பாதுகாப்பானது. திருக்குறளிலும் இந்தச் சிக்கல் சிறிய அளவில் உண்டு. நாம் வழங்கும் குறள் எண் பரிமேலழகர் வைப்புமுறையை ஒட்டியது. மணக்குடவர் உரையில் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறாக இருக்கும்.

தகடூர் யாத்திரைப் பாடல் ஒன்றை மேற்கோள் காட்டியிருக்கிறேன். துணைநூற்பட்டியலில் அந்த நூலைச் சேர்த்தது தவறு என்கிறார் நெறியாளர். ஏன்?

நெறியாளர் சொல்வது சரி. தகடூர் யாத்திரை முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற தொகைநூலிலும் தொல்காப்பிய உரையிலும் எடுத்தாளப்பட்ட பாடல்களாகவே அது எஞ்சியிருக்கிறது. நீங்கள் பார்த்தது புறத்திரட்டென்றால், ‘தகடூர் யாத்திரை, புறத்திரட்டில் எடுத்தாளப்பட்டவாறு’ என்று குறித்துப் புறத்திரட்டின் பாடல் எண்ணைத் தாருங்கள். பட்டியலில் புறத்திரட்டுக்கு மட்டுமே இடம். யாப்பிலக்கண உரையான யாப்பருங்கல விருத்தியில் மட்டும் காணப்படும் பழம்பாடல்களுக்கும் இதுவே முறை.

மறைந்த நூல்களுக்கு மட்டும் உரியது அன்று இம்முறை. ஓர் ஆங்கிலக் கட்டுரையின் கருத்தை இன்னொருவரின் தமிழ் நூலில் படித்துவிட்டு, மூலக் கட்டுரையையே படித்ததுபோல் அடிக்குறிப்பு எழுதும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. இடையில் நின்றவர் பக்க எண்ணைத் தவறாகக் குறித்திருந்தால் அந்தத் தவறும் உங்கள் கணக்கில் சேரும். இப்படி வழிவழியாக வந்த ஒரே பிழையை வெவ்வேறு ஆய்வேடுகளில் பார்த்திருக்கிறேன். மூலத்தைத் தேடிப் பாருங்கள்; கிடைக்காவிட்டால் யார் வழியாக அறிந்தீர்களோ அவரையும் குறியுங்கள். உ.வே.சா. தம் பதிப்பில், இன்ன நூலைச் சார்ந்தவை என்று தெரியாத மேற்கோள்களை ‘விளங்கா மேற்கோள்’ என்று தனியே தொகுத்துக் கொடுத்தார். அத்தகைய பதிப்பாசிரியரே தெரியாததைத் தெரியாது என்று அச்சிட்டிருக்கும்போது, மாணவர் தயங்க வேண்டியதில்லை.

துணைநூற்பட்டியலில் ஆசிரியர் பெயரை எப்படித் திருப்பி எழுதுவது?

ஆங்கில முறையேடுகள் குடும்பப் பெயரை முன்னே வைக்கச் சொல்கின்றன. நமக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்து ஊரையோ தந்தையையோ குறிப்பது. ஆகவே அவரவர் சொந்தப் பெயரை முன்னே வைத்து, முன்னெழுத்தைப் பின்னே தர வேண்டும்: ‘வரதராசன், மு.’ என்பது போல. பெயரோடு ஒட்டிய ‘பிள்ளை’, ‘ஐயர்’ போன்றவற்றைக் குடும்பப் பெயராகக் கருதி முன்னே கொண்டுவருவது தவறு. ‘சுந்தரம் பிள்ளை, பெ.’ என்பதே சரி. புனைபெயர்களைத் திருப்ப வேண்டாம். புதுமைப்பித்தன் புதுமைப்பித்தனாகவே இருக்கட்டும்; இயற்பெயரான சொ. விருத்தாசலம் வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் வரலாம்.

அகரவரிசைக்குக் கணினியை முழுதும் நம்பாதீர்கள். நம் நெடுங்கணக்கில் ழகரம் முன்னும் ளகரம் பின்னும் வரும். கணினி எழுத்துகளுக்கான ஒருங்குறிக் (யூனிகோடு) குறியீட்டின் வரிசையில் இது தலைகீழ். னகரமும் அங்கே நகரத்தை அடுத்து வந்துவிடுகிறது. சில மென்பொருள்கள் அந்த வரிசையையே பின்பற்றுவதால், பட்டியலை ஒருமுறை கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

பழைய நூலின் முகப்பில் ‘சய வருடம்’ என்று மட்டும் இருக்கிறது. ஆங்கில ஆண்டை எப்படிக் குறிப்பது?

60 ஆண்டுச் சுழற்சியில் சய ஆண்டு 1894, 1954, 2014 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. எந்தச் சுழற்சி என்பதை முகவுரை, அச்சகம், பதிப்பாசிரியர் வாழ்ந்த காலம் ஆகியவற்றைக் கொண்டு முடிவுசெய்து, ‘சய [1894–95]’ என்று எழுதுங்கள்; சதுர அடைப்பு அது உங்கள் கணிப்பு என்பதைக் காட்டும். திருவள்ளுவர் ஆண்டாக இருந்தால் 31ஐக் கழிக்க வேண்டும். தமிழ் எண்களில் அச்சிட்ட முகப்புகளில் இன்னொரு சிக்கல்: ௧ என்பதைக் ககரமாகவும் ௮ என்பதை அகரமாகவும் படித்துத் தட்டச்சு செய்து, ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற எழுத்துகளை விட்டுவைத்த ஆய்வேடுகள் உண்டு.

மறுபதிப்பைப் பயன்படுத்தினால் மறுபதிப்பின் ஆண்டைத்தான் முதலில் தர வேண்டும். முதற்பதிப்பின் ஆண்டை வேண்டுமானால் அடுத்துச் சேர்க்கலாம். புறநானூற்றுக்கு 1894 என்று எழுதுவது பெருமையாக இருக்கும். ஆனால் உங்கள் பக்க எண்கள் அந்தப் பதிப்புக்குப் பொருந்தா.

கல்வெட்டுக்குப் பக்க எண் போதாதா?

போதாது. தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் தர வேண்டும். தானும் தன் அக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொல்லும் முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் ஆணையை, ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 1’ என்று குறிப்பது வழக்கம். இன்னும் பாடம் அச்சாகாத கல்வெட்டுக்குக் கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையின் எண்ணையும் ஆண்டையும் சேர்த்துத் தர வேண்டும், ஏனெனில் ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்தே தொடங்கும்.

பிறர் எழுத்தோடு ஒத்த பகுதிகளை மென்பொருளால் கண்டறியும் ஒப்புமைச் சோதனையில் 18 விழுக்காடு வந்திருக்கிறது. மேற்கோள்களைக் குறைக்க வேண்டுமா?

முதலில் அந்த 18 எதனால் வந்தது என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால் ஆய்வேட்டைத் திருத்தி, ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் மீண்டும் அளிக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். ஆனால் உரிய முறையில் சான்று காட்டி எடுத்தாண்ட பகுதிகள், துணைநூற்பட்டியல், நன்றியுரை, முன்னுரை, அடுத்தடுத்து 14 சொற்கள் வரை வரும் பொதுவழக்குத் தொடர்கள் ஆகியவை இந்தக் கணக்கில் சேரா. சங்கப் பாடல்களை நிறைய எடுத்தாளும் ஆய்வில் எண் கூடத்தான் செய்யும். மேற்கோள்களை நீக்கிச் சோதிக்கும்படி நூலகத்தில் கேளுங்கள். எண்ணைக் குறைப்பதற்காகப் பாடலை உரைநடையாக மாற்றி எழுதுவது ஆய்வைக் கெடுக்கும். மாறாக, ஒருவரின் கருத்தைச் சொல் மாற்றி எடுத்துக்கொண்டு பெயரைச் சொல்லாமல் விட்டால், மென்பொருள் சுழியம் காட்டினாலும் அது திருட்டுத்தான்.

‘மேலது’ எப்போது எழுதலாம்?

‘மேலே சொன்ன அதே நூல்’ என்று பொருள்படும் இச்சொல்லை, உடனடியாக மேலுள்ள அடிக்குறிப்பில் ஒரே நூல் மட்டும் இருக்கும்போது எழுதலாம். எழுதி முடித்துப் பக்கங்களை இடம் மாற்றுவோர் இதைத் தவிர்த்துச் சுருக்கப் பெயரையே எழுதுவது நல்லது.

தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூலைச் சான்றாகக் காட்டலாமா? செயற்கை நுண்ணறிவு தந்த நூற்பட்டியலைச் சேர்த்துக்கொள்ளலாமா?

மின்னூலைக் காட்டலாம். எந்த அச்சுப் பதிப்பை ஒட்டித் தட்டச்சு செய்யப்பட்டது என்ற குறிப்பு கோப்பிலேயே இருக்குமானால் அதையும், இணைய முகவரியையும், பார்த்த நாளையும் சேர்த்துத் தாருங்கள். பாட ஆராய்ச்சிக்கு மட்டும் அச்சுப் பதிப்பையோ அதன் ஒளிப்படியையோ ஒப்பிட்டுப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம். தட்டச்சுப் பிழை பாடவேறுபாடு போலத் தோன்றிவிடும். ஒளிப்படியைப் பார்த்திருந்தால் அச்சு நூலின் விவரங்களை முதலில் எழுதி, பார்த்த தளத்தை இறுதியில் சேர்த்தால் போதும்.

இரண்டாவதற்கு விடை, கூடாது என்பதே. அத்தகைய கருவிகள் உண்மையான ஆசிரியர் பெயரோடு இல்லாத நூலையும் இல்லாத பக்கத்தையும் இயல்பாகச் சேர்த்துத் தந்துவிடுகின்றன. அவை சொல்லும் ஒவ்வொரு நூலையும் நூலகப் பட்டியலில் தேடி, கையில் எடுத்து, பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகு எழுதுங்கள். அப்போது உங்களுக்குச் சான்று அந்த நூல்தான், கருவி அன்று.