நரம்பும் நோய் எதிர்ப்பாற்றலும் சந்திக்கும் இடத்தில் முனைவர் பட்டம்: கவலையுற்ற தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் முடித்து, நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பெற்றுள்ள தங்கள் மகள், நரம்பு மண்டலமும் நோய் எதிர்ப்பு மண்டலமும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதை ஆராயும் நியூரோஇம்யூனாலஜி என்னும் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். நரம்பியலும் முழுதாகத் தெரியாமல், நோய் எதிர்ப்பியலும் முழுதாகத் தெரியாமல், இரண்டுங்கெட்டானாக அவள் நின்றுவிடக் கூடாதே என்பது தங்கள் கவலை. அது நியாயமான கவலைதான். ஆய்வகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்காத மாணவர்களுக்கு அப்படி நேர்வதும் உண்டு. ஆனால் அதற்காக இந்தத் துறையையே தவிர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூளை, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்திலிருந்து பெரிதும் ஒதுங்கியிருக்கும் உறுப்பு என்ற எண்ணம் நீண்ட காலம் நிலவியது. மூளைக்குள் பொருத்தப்படும் அயல் திசுவை உடல் எளிதில் நிராகரிப்பதில்லை என்பதை 1948இல் உயிரியலாளர் பீட்டர் மெடாவர் ஆராய்ந்து எழுதியது அந்த எண்ணத்திற்கு வலுச் சேர்த்தது. ஆனால் 1975இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ராபர்ட் ஏடர், நிக்கோலஸ் கோஹன் ஆகிய இரு ஆய்வாளர்களும், சாக்கரின் கலந்த இனிப்பு நீரோடு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஒரு மருந்தையும் எலிகளுக்குக் கொடுத்துப் பழக்கினர். பின்னர் இனிப்பு நீரை மட்டும் கொடுத்தபோதே அவற்றின் எதிர்ப்பொருள் உற்பத்தி குறைந்தது. கற்றுக்கொண்ட ஒரு சுவை நோய் எதிர்ப்பாற்றலை மாற்றியது என்றால், நரம்பு மண்டலம் அதனோடு பேசுகிறது என்றுதானே பொருள்? 2015இல் எலியின் மூளையுறையில், நோய் எதிர்ப்புச் செல்கள் பயணிக்கும் நிணநீர் நாளங்கள் இருப்பதை வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் இருந்த இரு குழுக்கள் தனித்தனியே காட்டின.

இவை ஆய்வகத்தோடு நின்றுவிட்ட செய்திகள் அல்ல. திடீரெனப் பிதற்றலும் வலிப்பும் வந்து, மனநோய் என்றே கருதப்பட்ட இளம்பெண்கள் பலருக்கு, உண்மையில் மூளைச் செல்களில் செய்தியைப் பெறும் ஒரு வகை ஏற்பிகளை அவர்களது உடலே தாக்குகிறது என்பதை 2007இல் நரம்பியல் மருத்துவர் யோசெப் டால்மௌவின் குழு கண்டறிந்தது. உரிய காலத்தில் சிகிச்சை அளித்தால் அவர்களில் பெரும்பாலோர் தேறுகின்றனர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வு, பலருக்கும் தொற்றும் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸின் தொற்றுக்குப் பின், நரம்புகளின் உறையை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதைக் காட்டியது. தங்கள் மகள் இந்தத் துறையின்பால் ஈர்க்கப்பட்டதில் எனக்கு வியப்பே இல்லை.

இனி, பயிற்சி எப்படியிருக்கும் என்பதைச் சொல்கிறேன். முடிவு எடுக்க வேண்டிய இடம் இதுதான். ஓர் எலியின் மூளையிலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இரத்த நாளங்களை உப்புக் கரைசலால் முழுதாகக் கழுவ வேண்டும். இல்லையேல் இரத்தத்தில் இருந்த செல்களை மூளைக்குள் புகுந்த செல்கள் என்று தவறாக எண்ணிவிட நேரும். பிறகு நரம்புகளைப் போர்த்தியிருக்கும் கொழுப்புப் பொருளை அகற்றி, உயிரோடுள்ள செல்களை மட்டும் செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் ஆராயும் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் எண்ண வேண்டும். இத்தனைக்கும் பின், அந்தச் செல்கள் நரம்புச் செல்களின் மின்செயல்பாட்டை எப்படி மாற்றின என்று அளப்பதற்கு முற்றிலும் வேறொரு கருவியும் கைப்பழக்கமும் தேவை. இவ்விரு திறன்களும் ஒரே ஆய்வகத்தில் நல்ல நிலையில் இருப்பது அரிது. ஆகவே என் கருத்து இதுதான்: தங்கள் மகள் ஒரு பக்கத்தில் ஆழமாக வேரூன்ற வேண்டும், மறுபக்கத்தின் மொழியை, அத்துறை வல்லுநரோடு சரிசமமாக உரையாடும் அளவுக்குக் கற்க வேண்டும். அவர் படித்த பாடத்தைப் பார்க்கும்போது, நோய் எதிர்ப்பியலே அவருக்கு வேராக அமையும் என்று எண்ணுகிறேன்.

இது சாத்தியமாவதும் ஆகாததும் பெரும்பாலும் ஆய்வு நெறியாளரைப் பொறுத்தது. நிறுவனத்தின் பெயரைக் கண்டு மயங்கி நெறியாளரைக் கவனியாமல் சேர்ந்து, நான்காம் ஆண்டில் வழி தெரியாமல் என்னிடம் வந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தோடுதான் இதை அழுத்திச் சொல்கிறேன். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் மூளையில் உண்டாக்கும் அழற்சி பற்றிய ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான தேசிய நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸில் நோயாளிகளையும் ஆய்வகத்தையும் ஒரே வளாகத்தில் காணலாம். எங்கு விண்ணப்பித்தாலும், நெறியாளரிடம் மகள் கேட்க வேண்டியவை சில உண்டு. முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? மறுபக்கத் துறையிலிருந்து ஒருவர் ஆய்வுக் குழுவில் இருப்பாரா? மரபணு மாற்றிய எலிகள் ஏற்கெனவே கைவசம் உள்ளனவா, இனிமேல்தான் வளர்க்க வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இரு வகை எலிகளை இணைத்து, வேண்டிய குட்டிகளைப் பெறுவதற்கே பல மாதங்கள் ஓடிவிடும்.

இன்னொன்றையும் வீட்டில் மென்மையாகப் பேசிவிடுங்கள். இந்தத் துறையில் பெரும்பாலும் விலங்குகளைக் கையாளவும், ஆய்வின் முடிவில் அவற்றைக் கொல்லவும் நேரும். அது தன்னால் இயலாது என்று தங்கள் மகள் உணர்ந்தால், அதில் குறைவு எதுவும் இல்லை; நோயாளிகளின் இரத்தம், தண்டுவட நீர் ஆகியவற்றைக் கொண்டோ, கணினித் தரவுகளைக் கொண்டோ ஆய்வு செய்யும் குழுக்களைத் தேடலாம்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும், முதுநிலைக்கு 42,000 ரூபாயும், இவற்றோடு வீட்டு வாடகைப்படியும் வழங்கப்படுகின்றன. கால அளவைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு என்கின்றன. பெண்களுக்குக் கூடுதல் கால நீட்டிப்பும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. ஐந்து முதல் ஆறு ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்வதே பாதுகாப்பானது. திருமணப் பேச்சு எப்போது என்பதைத் தாங்களும் மகளும்தான் முடிவு செய்ய வேண்டும். விதிகள் அதற்குத் தடையில்லை என்று மட்டும் சொல்வேன்.

வேலையைப் பொறுத்தவரை, பேராசிரியர் பணியிடங்கள் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் தரவுப் பகுப்பாய்வும் நன்கறிந்தவரை மருந்து நிறுவனங்களும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களும் நோயறி ஆய்வகங்களும் தேடுகின்றன. மூளையிலிருந்து வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டி, நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கருவிக்கு 2025இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் அளித்திருப்பதால், மருத்துவக் கருவித் துறையிலும் இவ்வறிவுக்கு இடம் பிறக்கிறது.

விண்ணப்பிப்பதற்கு முன், தாம் விரும்பும் ஆய்வகத்தில் இப்போது படித்துவரும் மாணவர் ஒருவருக்கேனும் தங்கள் மகள் மின்னஞ்சல் எழுதிப் பேசட்டும். அந்தப் பதில்களையும் எடுத்துக்கொண்டு இருவரும் ஒருமுறை வாருங்கள். பட்டியலில் எந்த ஆய்வகத்தை முதலில் வைப்பது என்பதைச் சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்