'நாள்தோறும்' என்ற சொல்

வணக்கம்.

காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம், அதிரசம் எல்லாம் ஆர்டருக்குச் செய்து கொடுக்கிறோம். ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கல்யாண மாதங்களில் காலை நாலு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் படுக்க இரவு பத்தாகிவிடும். ஞாயிறு பூசை தவறுவதில்லை. தவக்காலத்தில் ஒருவேளைதான் சாப்பாடு. வருடம் ஒருமுறை வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறேன். போன வாரம் பிரசங்கத்தில் சாமியார், 'நாள்தோறும் சிலுவையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பின்பற்று' என்ற வசனத்தை விளக்கினார். என் நாளில் அதற்கு எங்கே இடம் என்று தெரியவில்லை. பைபிள் வாசிக்கவே நேரம் கிடைப்பதில்லை. வீட்டுப் பாகப்பிரிவினையில் வந்த மனத்தாங்கலில் கூடப்பிறந்த அண்ணன் மூன்று வருடமாக என்னோடு பேசுவதில்லை. அதுதான் எனக்குக் கொடுத்த சிலுவை என்று நினைத்துக்கொள்கிறேன். சரிதானா?

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வசனம் மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரிடமும் வருகிறது. 'நாள்தோறும்' என்ற சொல் லூக்காவில் மட்டும்தான் இருக்கிறது (9:23). ரோமர் ஆட்சியில் சிலுவை சுமந்து போகிறவன் சாகப் போகிறவன். ஒரே ஒருமுறைதான் போவான். அந்தப் பயணத்தை லூக்கா தினமும் விடிந்ததும் தொடங்குகிற வேலையாக ஆக்கிவிடுகிறார்.

இன்னொன்று, அந்தச் சிலுவையை நாமே குனிந்து தூக்க வேண்டும். நோயையும் கடனையும் 'என் சிலுவை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவை நம்மேல் வந்து விழுந்தவை. நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன்: அண்ணன் பேசாமல் இருப்பது உங்கள் துயரம். அவர் வீட்டு வாசலுக்கு நீங்கள் போவதுதான் சிலுவை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் தராசு.

பழைய ஏற்பாட்டு நூலான இணைச்சட்டத்தின் 25-ஆம் அதிகாரம், பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கல் வைத்திருக்காதே என்கிறது. எபிரேய மூலத்தில் எடைக்குரிய சொல்லே 'கல்' என்பதுதான். நாம் படிக்கல், எடைக்கல் என்பது போலத்தான். மின்னணுத் தராசில் இரண்டாவது கல் எங்கே இருக்கிறது? அட்டைப் பெட்டியில் இருக்கிறது. அரைக் கிலோ பெட்டி நாற்பது கிராம் என்று வையுங்கள். பெட்டியோடு சேர்த்து 500 காட்டினால் உள்ளே 460 கிராம்தான். இருபத்தைந்து பெட்டிக்கு ஒரு முழுக் கிலோ தேன்குழல் குறைந்துவிடும். காலிப் பெட்டியை, உள்ளே விரிக்கிற தாளோடு தட்டில் வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்தி, பூஜ்யம் காட்டிய பிறகு நிரப்ப வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். தவறு நடப்பது அவசரத்தில்: கால் கிலோ பெட்டிக்கு வைத்த டேரிலேயே அரைக் கிலோ பெட்டியை நிறுத்துவிடுவார்கள். கரண்ட் போய் வந்தால் டேர் அழிந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அளவுக்கு ஒரு காலிப் பெட்டியாகத் தராசுப் பக்கத்திலேயே வைத்து, பெட்டி மாறும்போதெல்லாம் டேரையும் மாற்றச் சொல்லுங்கள். ஆண்டுக்கொருமுறை போட வேண்டிய தராசு முத்திரையையும் தள்ளிப்போடாதீர்கள்.

இதைவிட நுட்பமான கள்ள எடை வாணலியில் இருக்கிறது. தேன்குழலைப் பிழிந்து போட்டதும் எண்ணெய் நுரைத்துச் சலசலக்கும். மாவில் உள்ள ஈரம் வெளியேறுகிற சத்தம் அது. சத்தம் அடங்கும் முன்பே அரித்தெடுத்தால் ஈரம் உள்ளேயே தங்கும், எடை கூடும், ஈடும் சீக்கிரம் இறங்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. சீர் வரிசைத் தூக்கில் அடுக்கிப் போகும், நாலாம் நாள் நமுத்துப்போகும். வாங்கியவர் மழைக்காலத்தின்மேல் பழி போடுவார். தராசு முத்திரை பார்க்க வருகிற அதிகாரிக்கு இது அகப்படாது. வாணலி முன்னால் நிற்கிற பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். சத்தம் அடங்குகிறவரை காத்திருந்தால் ஒவ்வொரு ஈட்டுக்கும் கொஞ்சம் நேரமும் கொஞ்சம் எடையும் நட்டம். கிறிஸ்துவுக்காக அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்வது, நாலு மணிக்கு எழுகிற ஒரு மனுஷிக்கு, நூறு ஜெபமாலைக்குக் குறைந்தது அல்ல என்று உறுதியாக நம்புகிறேன்.

கூலி. லேவியர் 19:13, வேலையாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது. இணைச்சட்டம் 24:15 காரணமும் சொல்கிறது: அவர் ஏழை, அந்தக் காசை நம்பித்தான் இருக்கிறார். சனிக்கிழமை இரவு 'சில்லறை இல்லை, திங்கட்கிழமை வாங்கிக்க' என்றால் அந்த வீட்டின் ஞாயிற்றுக்கிழமை கடனில் போகும். பணம் இல்லாததால் மட்டும் கூலி நிற்பதில்லை. ஆள் வேறு கடைக்குப் போய்விடாமல் இருக்க ஒரு வாரக் கூலியைப் பிடித்துவைக்கிற பழக்கமும் உண்டு. உங்கள் கடையில் அது இருந்தால் இந்த வாரமே தீர்த்துவிடுங்கள். கூலிப் பணத்தை வெள்ளிக்கிழமையே ஆறு உறையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். சனிக்கிழமை மாவுக்காரர் வந்து நின்றாலும் அந்த உறைகளில் கை வைக்காதீர்கள்.

நோன்பைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. எசாயா 58:3-இல் கடவுள் வைக்கிற குற்றச்சாட்டே இதுதான்: நோன்பு நாளில் உங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்டு வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள். வெறும் வயிற்றோடு நிற்கும்போது யார்மேல் எரிச்சல் பாய்கிறது என்று பாருங்கள். பிழிகிற பெண்மேல் பாய்கிறதென்றால் ஒரு டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு நோன்பைத் தொடருங்கள்.

பைபிளுக்கு நேரமில்லை என்கிறீர்கள். ஞாயிறு வாசிக்கிற நற்செய்திப் பகுதியை ஒரு தாளில் எழுதி மாவு டப்பாவில் ஒட்டி, வாரம் முழுவதும் அதையே பாருங்கள். ஒரே பகுதி ஆறு நாள் போதும்.

பக்கத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) இயேசு சபைக்காரர். அந்தச் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் ஓர் ஆன்ம சோதனை முறை சொல்லிவைத்திருக்கிறார். பேரேடு, ஐந்தொகை என்று கணக்கு எழுதிய ஊர்க்காரர்களுக்கு அது எளிதாகப் பிடிபடும். ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குக் கடுஞ்சொல் என்று வைப்போம். ஒரு நாளுக்கு இரண்டு கோடு. மதியம் வரை எத்தனை முறை விழுந்தீர்களோ அத்தனை புள்ளி முதல் கோட்டில், மதியத்திலிருந்து இரவு வரை இரண்டாவதில். பிறகு கோட்டைக் கோட்டோடும், நாளை நாளோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். விழுந்த அந்த நொடியிலேயே நெஞ்சில் கை வைக்கச் சொல்கிறார். பக்கத்தில் ஆள் இருந்தாலும் வெளியே தெரியாமல் செய்யலாம் என்று அவரே எழுதுகிறார். அடுப்படிக்கென்றே சொன்னது போல இருக்கிறது. ஒரே சமயத்தில் ஐந்து குற்றங்களைத் திருத்தப் பார்க்கிறவர்கள்தான் மூன்றாம் நாளில் விட்டுவிடுகிறார்கள்.

இனி அண்ணன். மத்தேயு 5:23-ஐ நிதானமாகப் படியுங்கள். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனோடு உள்ள மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால் என்ன செய்வது என்று சொல்கிற இடம் அது. 'உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால்' என்று அங்கே இல்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால், என்றுதான் இருக்கிறது. அதனால் 'தப்பு அவன் பேரில், அவன்தான் வரணும்' என்று சொல்ல வழியில்லை. இதைக் கேட்டவர்களில் பலர் கலிலேயர்கள். பலிபீடமோ எருசலேமில், பல நாள் நடைதூரத்தில். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு ஊர் திரும்பிச் சமாதானம் பண்ணிவிட்டு மறுபடி நடந்து வா என்கிறார் இயேசு. வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிற உங்களுக்கு அந்தத் தூரம் புரியும்.

தனியாகப் போங்கள். பெரியவர்களைக் கூட்டிப் போனால் பஞ்சாயத்தாகிவிடும். கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ கூட்டத்தில் வைத்துப் பேச்சை எடுக்காதீர்கள். பத்திரம், நகல் எதுவும் கையில் வேண்டாம். வீட்டுக் கணக்கை அன்று தொடவே கூடாது. பாகப்பிரிவினை பாக்கி இருந்தால் அதற்கு இன்னொரு நாள், பத்திர எழுத்து தெரிந்த ஒருவரோடு. நீங்கள் பேசிய தவறான வார்த்தை எதுவோ அதை மட்டும், பெயர் சொல்லி, 'அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு அண்ணே' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஆனா நீங்களும்' என்று அடுத்த வாக்கியம் வரும். அதை விழுங்குவதுதான் கடினம்.

அவர் கதவைச் சாத்தினாலும் திரும்பி வாருங்கள். 'உங்களால் முடிந்தமட்டும்' என்றுதான் பவுலும் எழுதுகிறார் (உரோமையர் 12:18). ஆறு மாதம் கழித்து மறுபடி போகலாம். கை வீசிப் போக வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் போதும். உங்கள் கடைப் பெட்டியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வியாபாரத்தைக் காட்ட வந்தாள் என்று அது அவர் கண்ணில் படும்.