தூதரகப் பணிக்கு அந்த நாட்டு மொழி தெரிந்தே ஆக வேண்டுமா? மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சமாளிக்க முடியாதா?

சமாளிக்கலாம். 1860-களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரிட்டிஷார் அப்படித்தான் சமாளித்தார்கள். அவர்கள் எழுதுவது டச்சு மொழிக்குப் போய், அங்கிருந்து ஜப்பானியத்துக்குப் போகும். பதிலும் அதே வழியாகத் திரும்பி வரும். இந்தச் சுற்றுவழி தேவைப்படாமல் செய்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி எர்னஸ்ட் சாட்டோ. நான் ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்து, காஞ்ஜி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளைக் கண்டு மிரண்டு, விட்டுவிடலாமா என்று யோசித்த நாட்களில்தான் இவருடைய இளமைக்காலத்தைப் பற்றிப் படித்தேன். அதனால் இவரை வைத்தே பதில் சொல்கிறேன்.

1843-ல் லண்டனில் பிறந்தவர். தந்தை பால்டிக் கடற்கரை ஊரான விஸ்மாரிலிருந்து வந்து குடியேறியவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படிப்பு. பிரிட்டிஷ் அரசின் சார்பில் எல்ஜின் பிரபு ஜப்பானுக்குத் தூது போனதைப் பற்றிய ஒரு புத்தகத்தை நூலகத்திலிருந்து அண்ணன் எடுத்துவர, அதைப் படித்த தம்பிக்கு அந்த நாட்டின் மேல் தீராத ஆசை வந்துவிட்டது. 1861-ல், 18 வயதில், தூதரக மொழிபெயர்ப்பாளராகப் பயிற்சி பெறும் மாணவர் பணிக்குத் தேர்வு எழுதி முதலிடம் பெற்றார். ஜப்பான்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

ஆனால் முதலில் அனுப்பியது சீனாவின் பீக்கிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்). சீன எழுத்து தெரிந்தால் ஜப்பானியம் தானாக வந்துவிடும் என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். அப்புறம் ஒருநாள் ஜப்பானிய அமைச்சர்களின் மூலக் கடிதம் ஒன்று அங்கே வந்தது. அதைச் சீனர் ஒருவராலும் படித்துப் பொருள் சொல்ல முடியவில்லை. அதோடு அந்தக் குறுக்குவழிக் கனவு முடிந்தது.

1862 செப்டம்பர் 8 அன்று ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் வந்து இறங்கினார். ஆறே நாளில், பக்கத்து ஊரான நமமுகியில், தெற்கு ஜப்பானின் சத்சுமா பகுதியை ஆண்ட பிரபுவின் தந்தையுடைய பரிவாரம் போன வழியில் எதிர்ப்பட்ட ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில வணிகரை சாமுராய்கள் வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பதிலடியாக அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் சத்சுமாவின் தலைநகரான ககோஷிமாவைக் குண்டு வீசித் தாக்கியபோது, அவற்றில் ஒன்றில் இவரும் இருந்தார். இருபது வயதுதான்.

இதற்கு நடுவே படிப்பு. அலுவலகத்தில் எழுத்தர் வேலையே நாளை விழுங்கியதால், காலை நேரத்தையாவது படிக்க விடுங்கள் என்று போராடி வாங்க வேண்டியிருந்தது. ஹெப்பர்ன் என்பவர் தொகுத்த பெரிய ஜப்பானிய-ஆங்கில அகராதி வெளிவரவே 1867 ஆகிவிட்டது. அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிரவுனிடம் பேச்சுமொழி கற்றார். ஒரு ஜப்பானிய வைத்தியரிடம் கடிதநடை கற்றார். இந்தக் கடிதநடைதான் பெரிய விஷயம். அன்றைய அரசாங்கக் கடிதங்கள் எல்லாம் பேச்சோடு ஒட்டாத தனி நடையில் இருக்கும். நம்முடைய பழைய கிரயப் பத்திரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவர்களுக்கு இது புரியும். பேசத் தெரிந்த வெளிநாட்டவர் சிலர் இருந்தார்கள், இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகவும் அரிது.

நேரடியாகப் படிக்கவும் பேசவும் முடிந்ததால், ஆட்சி உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வந்தது. ஒப்பந்தங்களில் ஜப்பானின் அரசராக நடத்தப்பட்ட ஷோகன் என்ற ராணுவ ஆட்சியாளர், பிரபுக்களில் முதன்மையானவர் மட்டுமே என்று 1866-ல் யோகோஹாமாவின் ஆங்கிலப் பத்திரிகையில் பெயர் போடாமல் எழுதினார். பணி விதிகளுக்கு இது முற்றிலும் எதிரானது. தன் ஆசிரியரின் உதவியோடு அதை அவரே ஜப்பானியத்துக்குக் கொண்டுவர, அது 'எய்கொகு சகுரோன்', அதாவது 'பிரிட்டனின் கொள்கை', என்ற பெயரில் கியோட்டோ, ஒசாகா கடைகளில் விற்றது. படித்தவர்கள் அதை பிரிட்டிஷ் அரசின் நிலைப்பாடாகவே எடுத்துக்கொண்டார்கள். இரண்டே ஆண்டில், 1868-ல், ஷோகன் ஆட்சி கவிழ்ந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு, ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று இந்த இளைஞர் சரியாகக் கணித்திருந்தார்.

அதே ஆண்டில் தூதரகத்தின் ஜப்பானிய மொழிச் செயலாளர் ஆனார். வயது 24. 1876-ல் இஷிபாஷி மசகதாவோடு சேர்ந்து பேச்சு ஜப்பானியத்துக்கு ஆங்கில-ஜப்பானிய அகராதி ஒன்றை வெளியிட்டார். 1895-ல் டோக்கியோவுக்கே பிரிட்டிஷ் தூதராகத் திரும்பி வந்தார்.