களனி கங்கை வெள்ளத்தில் மீன்கள் அடித்துப் போகாதா?

கொழும்பு மட்டக்குளியில் களனி கங்கை கலங்கிப் பெருகி ஓடுவதைப் பார்த்து, ஆற்று மீன்களை அது கடலுக்கே இழுத்துப்போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சில குஞ்சுகள் போய்விடும். பெரியவை நடு ஆற்றோடு மல்லுக்கட்டுவதில்லை. அடித்தரையிலும் கரையோரத்திலும் நீரின் வேகம் குறைவு. கல்லுக்குப் பின்னால் சுழலும் உண்டு. அதற்கு உடம்பை வளைத்துக் கொடுத்தால் அதிகம் பாடுபடாமலே நிற்கலாம். ஆய்வுக்கூடத்தில் இறந்த டிரவுட் மீன்கூட இப்படிச் சுழலில் அசைந்து எதிர்நீரில் முன்னேறியிருக்கிறது! எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

அப்புறம் தசை. அடுத்தமுறை கெண்டையோ ஜப்பான் மீனோ (திலாப்பியா) வெட்டும்போது தோலை உரித்துப் பாருங்கள்: விலாவின் நடுவே மெல்லிய கருஞ்சிவப்புப் பட்டை ஓடும். மணிக்கணக்கில் நீந்துவது அதனால்தான். சுற்றியுள்ள வெள்ளைச் சதை திடீர்ப் பாய்ச்சலுக்கு. பலம் அதிகம், ஆனால் சீக்கிரமே களைத்துவிடும்.